‘தொழில்நுட்பத் தரம் போதவில்லை’

அந்த வரியை எழுதியவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டே இந்தக் கட்டுரையைத் தொடங்க வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குறும்பட விழாவின் முதற்கட்டத் தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மொத்தம் ஐந்து பேர். நான்கு பேருக்கு ஒருவரையொருவர் முன்பே தெரியும். ஒரே திரைப்படச் சங்கத்தில் வளர்ந்தவர்கள், ஒரே புத்தகங்களைப் படித்தவர்கள். ஐந்தாவது ஆள் நான். “உங்க தரப்பும் இருக்கணும்ல” என்று சொல்லித்தான் அழைத்தார்கள். ‘உங்க தரப்பு’ என்றால் எது என்று அவர்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வந்திருந்த படங்களில் ஒன்று 17 நிமிடம் ஓடியது. விழுப்புரம் பக்கத்துத் தம்பி ஒருவர் கைப்பேசியில் எடுத்த படம். இறந்துபோன பாட்டியைச் சேரியிலிருந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். பாதை ஊர்க்காரர்களின் வயல் வழியாகப் போகிறது. அதை மறித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் வாய்க்காலில் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பாடையைத் தூக்கிப் போகிறார்கள். கதை அவ்வளவுதான். பாடை தூக்கியவர்களில் ஒரு பையனின் செருப்பு நடு வாய்க்காலில் கழன்று மிதந்து போகிறது. அவன் அதைப் பார்க்கிறான். தோளில் பாடை இருப்பதால் கையை எடுக்க முடியவில்லை. அந்தக் காட்சி இன்றும் எனக்கு மறக்கவில்லை.

படம் முடிந்ததும் முதலில் பேசியவர், “சவுண்டு ரொம்ப மோசம்” என்றார். உண்மைதான். காற்றுச் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. அடுத்தவர், “வாணியம்பாடி பக்கத்துல பாலத்துலேருந்து கயிறு கட்டி உடலை இறக்கின வீடியோவையே 2019-ல எல்லாரும் பாத்துட்டோமே, இதுல புதுசா என்ன இருக்கு?” என்றார். மூன்றாமவர், “பிரச்சாரமா இருக்கு. இந்த மாதிரிப் படம் ஏற்கெனவே ரெண்டு எடுத்தாச்சு, கோட்டா முடிஞ்சுது” என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். படிவத்தில் காரணம் எழுத வேண்டும். பேனா என்னிடம் இருந்தது. ‘தொழில்நுட்பத் தரம் போதவில்லை’ என்று எழுதினேன்.

அதே நாள் மாலை இன்னொரு படம் ஒருமனதாகத் தேர்வானது. குடிசை வாசலில் ஒரு கிழவி நான்கு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். “அந்த மௌனம் எவ்வளவு பேசுது!” என்று வியந்தார்கள். அந்தக் கிழவி எந்தத் தெரு, ஏன் அந்தக் குடிசையில் இருக்கிறார், யாருக்காக வாய்மூடி உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. படத்தின் ஒலி மட்டும் மிகத் துல்லியம்.

பத்து நாள் கழித்து அந்தத் தம்பி எப்படியோ என் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். “அண்ணே, டெக்னிக்கலா சரியில்லன்னு மெயில் வந்துச்சுண்ணே. எது சரியில்லன்னு சொன்னீங்கன்னா அடுத்த படத்துல திருத்திக்குவேன்” என்றார். நான் எழுதிய பொய்யை அவர் பாடமாக எடுத்துக்கொண்டிருந்தார். மைக் பற்றி ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அன்றிலிருந்து ‘தரம்’ என்ற சொல்லைக் கேட்டால் எனக்குக் கூசுகிறது.

இதைத் தனிப்பட்ட குற்றவுணர்ச்சிக் கதையாக மட்டும் சொல்ல நான் வரவில்லை. திரைப்பட விழாக்கள் பற்றி நம் இளைஞர்கள் நிறைய விசாரிக்கிறார்கள். எந்த விழாவுக்கு எப்போது கடைசித் தேதி, எங்கே நிதி கிடைக்கும், எப்படி அனுப்புவது என்று கேட்கிறார்கள். அந்தத் தகவல்களும் இந்தக் கட்டுரையில் உண்டு. ஆனால் விண்ணப்பம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்பதால் கதவும் திறந்திருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது. அதை முதலில் பேசிவிடுவோம்.

தென்னிந்திய சினிமாவின் தொடக்கத்திலேயே இந்தக் கதவு யார் முகத்தில் சாத்தப்பட்டது என்பது நமக்குத் தெரியும். குமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரத்தில் பிறந்த ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’தான் மலையாளத்தின் முதல் திரைப்படம். அதில் நடித்த பி.கே. ரோசி ஒரு தலித் பெண். நாயர் பெண்ணாக அவர் திரையில் தோன்றியதைச் சாதி இந்துக்களால் பொறுக்க முடியவில்லை. திருவனந்தபுரத்தில் படம் திரையிடப்பட்டபோது திரையின் மீது கல் எறிந்தார்கள். தான் நடித்த படத்தின் முதல் காட்சியில் அவரால் உட்கார முடியவில்லை. அவர் குடிசையைக் கொளுத்தினார்கள். ஊரைவிட்டு ஓடி நாகர்கோவில் பக்கம் வந்து, பெயரை மறைத்து, நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து மறைந்தார். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

அன்று திரையில் கல் விழுந்தது. இன்று யாரும் கல் எறிவதில்லை, படிவத்தில் ஒரு வரி எழுதுகிறார்கள். எழுதும் கை சில நேரம் நம்முடையதாகவே இருக்கிறது.

‘தரம்’ எதனால் ஆனது என்று பிரித்துப் பார்ப்போம். நல்ல ஒலிக்கு நல்ல மைக் வேண்டும், ஒலிப்பதிவாளர் வேண்டும், ஒலிக்கலவைக்கு ஸ்டுடியோ வேண்டும். மூன்றுக்கும் பணம் வேண்டும். பணம் இல்லாதவருக்கு நண்பர்கள் வேண்டும். திரைப்படக் கல்லூரியில் படித்த நண்பர், இலவசமாக வண்ணம் சரிசெய்து தரும் நண்பர், ஆங்கிலத்தில் படக்குறிப்பு எழுதித் தரும் நண்பர். இந்தியாவில் நட்பு வட்டம் எந்தக் கோட்டைச் சுற்றி வளர்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆக, ஒரு படத்தின் ஒலியைக் கேட்டு மதிப்பெண் போடும்போது, பாதி மதிப்பெண் அந்த இயக்குநரின் பிறப்புக்கும் முகவரிக்கும் போய்விடுகிறது.

அடுத்தது கட்டணம். வெளிநாட்டு விழாக்கள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. 50 டாலர் என்றால் நம் பணத்தில் 4,000 ரூபாய்க்கு மேல். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு அம்மாவுக்கு அது ஏறக்குறைய இரண்டு வாரக் கூலி. பத்து விழாக்களுக்கு அனுப்பினால் படம் எடுத்த செலவைவிட அனுப்பிய செலவு கூடிவிடும்.

அடுத்தது ‘பிரீமியர்’ விதி. பெரிய விழாக்கள் பலவும் இதற்குமுன் வேறெங்கும் காட்டப்படாத படத்தையே கேட்கின்றன. இணையத்தில் பொதுவில் ஏற்றிவிட்டால் பல இடங்களில் தகுதி போய்விடும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் படங்கள் எந்த நெருக்கடியில் வெளிவருகின்றன என்று பாருங்கள். மலம் அள்ளும் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ 2017-இல் வந்தது. தமிழகத்தில் பல இடங்களில் காவல்துறை அனுமதி மறுத்தது. அதனால் யூடியூபில் ஏற்றினார்கள். லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். படம் எடுத்தவருக்குக் கிடைத்தவை வழக்கும் கொலைமிரட்டலும். முதல் காட்சியை எங்களுக்காகவே வைத்திருங்கள் என்று கேட்கும் விழாவுக்கு, முதல் காட்சியையே போலீஸ் நிறுத்தும் ஊர் ஒன்று உண்டு என்பது புரியாது.

அதற்கும் மேலே அரசு இருக்கிறது. தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படத்தை இந்தியாவில் ஒரு விழாவில் காட்ட ஒன்றிய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் விலக்கு தர வேண்டும். 2017-இல் கேரளத்தின் ஆவணப்பட, குறும்பட விழாவுக்கு மூன்று படங்களுக்கு விலக்கு மறுக்கப்பட்டது. ஒன்று காஷ்மீர் பற்றியது, ஒன்று ஜே.என்.யு. மாணவர் போராட்டம் பற்றியது. மூன்றாவது ரோஹித் வெமுலா பற்றியது. அதே ஆண்டு கோவா விழாவின் இந்தியன் பனோரமாவுக்கு நடுவர் குழு தேர்ந்தெடுத்த ‘எஸ். துர்கா’, ‘நியூட்’ இரண்டையும் அமைச்சகம் நீக்கியது. ‘எஸ். துர்கா’ ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். இன்னும் அண்மையில் ‘சந்தோஷ்’. ஒரு தலித் சிறுமியின் கொலை வழக்கு வழியாகக் காவல்துறைக்குள் இருக்கும் சாதியையும் பெண் வெறுப்பையும் காட்டிய படம். 2024-இல் கான் விழாவில் திரையிடப்பட்டது, பிரிட்டன் அதை ஆஸ்கருக்கு அனுப்பியது. 2025-இல் இந்தியத் தணிக்கை வாரியம் வெளியீட்டுக்குச் சான்றிதழ் தர மறுத்தது. நம் நாட்டைப் பற்றிய படத்தைப் பிரான்சில் உட்கார்ந்து பார்க்கலாம், இங்கே திரையரங்கில் பார்க்க முடியாது.

இத்தனை பூட்டுகளையும் பற்றிப் பேசினால் உடனே ஒரு பட்டியலை நீட்டுவார்கள். ‘ஃபன்றி’ வரவில்லையா? ‘மசான்’ கானில் விருது வாங்கவில்லையா? திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த பி.எஸ். வினோத்ராஜ் ‘கூழாங்கல்’ எடுத்து 2021-இல் ரோட்டர்டாமில் டைகர் விருது வாங்கவில்லையா? தன்னைத் தலித் என்று வெளிப்படையாகச் சொல்லும் நீரஜ் கய்வானின் ‘ஹோம்பவுண்ட்’ 2025-இல் கானில் திரையிடப்பட்டு இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் ஆகவில்லையா?

ஆயின. எல்லாவற்றிலும் எனக்குப் பெருமைதான். ஆனால் விரல்விட்டு எண்ண முடிகிறது என்பதுதானே சிக்கல்? ஒருவர் தாண்டிவிட்டார் என்பது சுவர் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. சுவர் எவ்வளவு உயரம் என்று தாண்டியவரைக் கேட்டால்தான் தெரியும். நீரஜ் கய்வான் தனக்கு இடம் கிடைத்ததோடு நிற்கவில்லை. தலித், பகுஜன், ஆதிவாசிப் பின்னணியிலிருந்து உதவி இயக்குநர்கள் வேண்டும் என்று பொதுவெளியில் அழைப்பு விடுத்தார். தாண்டியவர் செய்ய வேண்டியது அது.

இன்னொன்றும் உண்டு. நம்மைப் பற்றிய படங்களுக்கு விழாக்களில் குறைவில்லை. நாம் எடுத்த படங்களுக்குத்தான் குறைவு. தலித் பெண்கள் நடத்தும் ‘கபர் லஹரியா’ செய்தி நிறுவனத்தைப் பற்றிய ‘ரைட்டிங் வித் ஃபயர்’ 2021-இல் சன்டான்ஸில் விருது வாங்கியது, ஆஸ்கர் இறுதிப் பட்டியலுக்கும் போனது. 2022-இல் ஆஸ்கர் விழா நெருங்கிய நேரத்தில், தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டுமே படம் காட்டுகிறது, அது தங்களைச் சரியாகப் பிரதிபலிக்கவில்லை என்று அந்த நிறுவனமே அறிக்கை வெளியிட்டது. எடுத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் உலகமே எழுந்து நின்று கைதட்டும்போது, படத்தில் இருப்பவர்கள் ‘இது முழுக் கதை இல்லை’ என்று அறிக்கை எழுத வேண்டிய நிலையை யோசியுங்கள். கேமரா யார் கையில் என்ற கேள்வி வெறும் கோஷம் இல்லை.

அப்படியானால் கேமராவை நம் கைக்குக் கொண்டுவருவது யார் பொறுப்பு? அரசின் பொறுப்பு என்று கேரளம் ஒருவகையில் ஒப்புக்கொண்டது. மாநிலத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தின் மூலம் பெண் இயக்குநர்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்கும் ஒரு படத்துக்கு 1.5 கோடி ரூபாய் வரை தரும் திட்டத்தைத் தொடங்கியது. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் திரைப்படக் கொள்கை மாநாடு நடந்தபோது, அடூர் கோபாலகிருஷ்ணன் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசினார். இவர்களுக்குக் குறைந்தது மூன்று மாதப் பயிற்சி தர வேண்டும், ஒருவருக்கு 1.5 கோடி என்பது அதிகம், அதை மூன்று பேருக்கு 50 லட்சமாகப் பிரித்துக் கொடுக்கலாம் என்பது அவர் பேச்சின் சாரம். அரங்கிலேயே எழுந்து எதிர்ப்புச் சொன்னவர் தலித் பாடகி புஷ்பவதி. அவர் எழுந்ததைப் பார்த்தபோது, அந்தத் தேர்வுக் குழுவில் எழாமல் உட்கார்ந்திருந்த என் நினைவுதான் எனக்கு வந்தது.

பயிற்சி கெட்டது என்று யார் சொன்னது? எல்லா முதல் பட இயக்குநருக்கும் பயிற்சி நல்லதுதான். ஆனால் அப்பா தயாரிப்பாளராக இருந்து மகன் இயக்குநராக வரும்போது மூன்று மாதப் பயிற்சிக்குப் போ என்று யாரும் சொல்வதில்லை. பொதுப்பணம் நம் கைக்கு வரும்போது மட்டும் பயிற்சியும் சிக்கனமும் ஊழல் பயமும் சேர்ந்து வருகின்றன. தமிழ்நாட்டில் இந்தப் பாட்டு நமக்குப் பழையது. வகுப்புவாரி உரிமை வந்தபோது ‘தகுதி, திறமை’ என்றார்கள். வழக்குப் போட்டார்கள். அதை எதிர்த்த போராட்டம் 1951-இல் அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கே காரணமானது. மருத்துவக் கல்லூரி வாசலில் கேட்ட அதே குரல்தான் இப்போது திரைப்பட விழா வாசலிலும் கேட்கிறது. அங்கே அதன் பெயர் தகுதி, இங்கே அதன் பெயர் அழகியல்.

எனவே தமிழ்நாடு அரசிடம் நாம் வைக்க வேண்டிய கோரிக்கை தெளிவானது. பட்டியல் சாதி, பழங்குடி, பெண், திருநர் இயக்குநர்களுக்கு முழுப் படம் எடுக்கும் அளவுக்கு நிதி தரும் திட்டம் இங்கேயும் வேண்டும். கேரளத்தை வழிமொழியத் தமிழ்நாட்டுக்கு என்ன தயக்கம்? அரசுப் பணம் வாங்கும் விழாக்கள் தங்கள் தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள் என்பதை வெளியிட வேண்டும். ஒரே ஒருவரை ‘உங்க தரப்பு’ என்று உட்கார வைப்பது போதாது. ஒற்றை ஆள் என்ன செய்வான் என்பதற்கு நானே சாட்சி. அவன் சிரிப்பான்.

கோரிக்கை நிறைவேறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். தம்பி, தங்கைகளுக்குச் சில நடைமுறைச் செய்திகள்.

நுழைவுக் கட்டணத்தைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். பல விழாக்கள் கேட்டால் கட்டண விலக்கு தருகின்றன. உங்கள் நிலையை நாலு வரியில் எழுதிக் கேளுங்கள். இது பிச்சை இல்லை. வசதியான வீட்டுப் பிள்ளைகள்கூடக் கூச்சமில்லாமல் கேட்கிறார்கள், நமக்கு மட்டும்தான் இப்படி ஒரு வழி இருப்பதை யாரும் சொல்லவில்லை.

விழாக்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் படத்தை உடனே பொதுவில் ஏற்றாதீர்கள், கடவுச்சொல் போட்ட இணைப்பாக வையுங்கள். ஆனால் ஓராண்டு வரை காத்திருந்தும் ஒன்றும் வரவில்லையென்றால் தயங்காமல் மக்களிடம் கொண்டுபோங்கள். படம் பெட்டிக்குள் செத்துப்போகக் கூடாது.

ஆங்கிலத் துணைவசனத்தைக் கடைசி நேர வேலையாக வைக்காதீர்கள். ‘ஊர்’, ‘சேரி’, ‘காலனி’ எல்லாவற்றையும் ‘வில்லேஜ்’ என்று மொழிபெயர்த்தால் உங்கள் படத்தின் சாதி காணாமல் போய்விடும். அதைத் தெரிந்தவரிடம் கொடுத்து எழுதி வாங்குங்கள்.

முழுநீளப் படத்துக்குத் திரைக்கதை வைத்திருப்பவர்கள் ரோட்டர்டாம் விழாவின் ஹூபர்ட் பால்ஸ் நிதி, பூசான் விழாவின் ஆசிய சினிமா நிதி ஆகியவற்றின் விதிகளைப் படியுங்கள். கோவா விழாவை ஒட்டி என்.எஃப்.டி.சி. 2007 முதல் நடத்தும் ஃபிலிம் பஜார், படம் எடுத்து முடிக்கும் முன்பே தயாரிப்பாளர்களையும் விழாத் தேர்வாளர்களையும் சந்திக்க ஓர் இடம். தனியாகப் போக முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து ஒருவரை அனுப்புங்கள், அவர் திரும்பி வந்து மற்றவர்களுக்குச் சொல்லட்டும்.

உள்ளூரில் இருப்பதை மறக்காதீர்கள். மதுரையில் 1998 முதல் ‘மறுபக்கம்’ ஆவணப்பட, குறும்பட விழா நடத்திவருகிறது. அதை நடத்தும் அமுதன் ஆர்.பி.தான் மதுரைத் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் வேலையைப் பின்தொடர்ந்து 2003-இல் ‘பீ’ எடுத்தவர். நீலம் பண்பாட்டு மையம் தலித் வரலாற்று மாதமான ஏப்ரலில் பி.கே. ரோசி பெயரிலேயே திரைப்பட விழா நடத்துகிறது. தன் படத்தின் முதல் காட்சிக்குள் நுழைய முடியாத பெண்ணின் பெயரில் ஒரு விழா. அங்கே உங்கள் படம் ஓடுவது கானில் ஓடுவதற்குக் குறைவானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கதவு மூடியிருந்தால் வேறு கதவு செய்தவர்களும் இருக்கிறார்கள். மும்பை ஆவணப்பட விழா இந்தியப் படங்களுக்கு மட்டும் தணிக்கைச் சான்றிதழ் கேட்டபோது, இயக்குநர்கள் திரண்டு 2004-இல் ‘விகல்ப்’ என்ற மாற்று விழாவையே நடத்தினார்கள். ‘அக்ரஹாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், ஒடெஸா குழுவோடு ஊர் ஊராகப் படம் காட்டி மக்களிடம் காசு திரட்டித்தான் 1986-இல் ‘அம்ம அறியான்’ எடுத்தார்.

அந்த விழுப்புரத்துத் தம்பியின் படம் என்ன ஆனது? போன ஆண்டு அவர் ஊரில், சமுதாயக்கூடத்துச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டித் திரையிட்டார். என்னையும் அழைத்திருந்தார், போனேன். ஸ்பீக்கர் இரைச்சல் வேறு சேர்ந்துகொண்டதால் விழாவில் கேட்டதைவிட மோசமாகக் கேட்டது. வாய்க்கால் காட்சி வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா சத்தமாகச் சொன்னார்: “அது எங்க மாமியாரத் தூக்கிட்டுப் போன எடம்.” அதற்குப் பிறகு யாருக்கும் வசனம் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

படம் முடிந்ததும் அவரைத் தனியாக அழைத்து, அந்த வரியை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சவுண்டு நெசமாவே சரியில்லதாண்ணே. ஆனா அதுக்காகத் தள்ளலைன்னு எனக்கு அப்பவே தெரியும்” என்றார்.

அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டேதான் என்னை அழைத்து எதைத் திருத்துவது என்று கேட்டிருக்கிறார். அடுத்த படத்துக்கு இப்போது எழுதிக்கொண்டிருக்கிறார். ஒலிப்பதிவுக் கருவிக்கு நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து பணம் போட்டிருக்கிறோம்.

தேர்வுக் குழுக்களில் உட்கார்ந்திருக்கும் நம் தோழர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். பேனா உங்கள் கைக்கு வரும்போது உண்மைக் காரணத்தை எழுதுங்கள். எழுத முடியாவிட்டால் புஷ்பவதியைப் போல எழுந்து நில்லுங்கள். என்னைப் போலச் சிரித்துவிட்டு வந்து, பல ஆண்டுகள் கழித்துக் கட்டுரை எழுதாதீர்கள்.